குட்டை மேல் நின்ற மேற்குச் சுவர்: மண் பரிசோதனை அறிக்கையின் சட்டப் பொறுப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கிருந்து மன்னார்குடி போகும் வழியில், வயலை ஒட்டிய ஒரு மனையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் போட்டுக் கட்டிய மாடிவீட்டின் மேற்குச் சுவரில், குடிபுகுந்து மூன்று மாதம்கூட நிறையாத நிலையில், 2023 நவம்பரில் விரிசல் கண்டது. அந்த மனைக்கு மண் பரிசோதனை அறிக்கை கொடுத்தது எங்கள் சிறிய நிறுவனம். அறிக்கையில் இருந்த எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை என்பது பின்னர் நடந்த மறுபரிசோதனையில் உறுதியாயிற்று. ஆயினும் இழப்பில் ஒரு பங்கை நாங்கள் ஏற்க வேண்டி வந்தது. அது நியாயமே என்றும் நான் கருதுகிறேன். சரியான எண்களைக் கொடுத்த ஒருவர் எப்படிப் பொறுப்பாளி ஆகிறார் என்பதை, டெல்டாவில் இதே தொழில் செய்யும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், வீட்டுக்காரரை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி இங்கே பதிவு செய்கிறேன்.

வேலை வந்த விதம்

வேலை ஒரு தொலைபேசி அழைப்பில் வந்தது. அழைத்தவர் வீட்டுக்காரர் அல்லர், ஒப்பந்தக்காரர். இரண்டு துளை, ஆறு மீட்டர் ஆழம், கட்டணம் 28,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். கடிதமோ ஒப்பந்தமோ எழுதவில்லை. ஒப்பந்தக்காரரின் கைபேசியிலிருந்து பணம் வந்தது, அதுவே ஆவணம் என்றிருந்தோம்.

2022 மே முதல் வாரத்தில் துளையிட்டோம். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் மேட்டூர் அணை அந்த ஆண்டு மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. நாங்கள் துளையிட்டபோது அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்ததால் வாய்க்கால்கள் வறண்டு கிடந்தன, நிலத்தடி நீர் 4.1 மீட்டர் ஆழத்தில் நின்றது. மேலே ஒரு மீட்டர் பழுப்புக் களி, அதன் கீழ் 4.5 மீட்டர் வரை கருஞ்சாம்பல் நிறக் களி, அதற்கும் கீழ் களி கலந்த மணல். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, முதல் 15 சென்டிமீட்டரைக் கழித்து, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனையில், களி அடுக்கில் ஏழு முதல் ஒன்பது அடி வரை கிடைத்தது. நனைந்தால் களி எவ்வளவு வீங்கும் என்று காட்டும் வீக்கக் குறியீடு 62 சதவீதம். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு இரண்டு மீட்டர் ஆழத்தில் புட்டிங் (தூணின் அடிப்பாதம்), அதைச் சுற்றி வீங்காத மண், எல்லாத் தூண்களையும் தரைமட்டத்தில் பிணைக்கும் பிளின்த் பீம், சதுர மீட்டருக்கு 8 டன் தாங்குதிறன் என்று பரிந்துரைத்தோம். துளைகளின் எண்ணிக்கையிலும் குறை சொல்ல முடியாது. அடித்தள மண் ஆய்வுக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 1892-இன் 1979 பதிப்பு, 0.4 ஹெக்டேர் அளவுள்ள மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு துளை போதும் என்றும், சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒரே துளைகூடப் போதும் என்றும் சொன்னது.

அறிக்கை ஆங்கிலத்தில் 16 பக்கம். துளையிட்ட இடத்துக்கும் குறிப்பிட்ட கட்டடத்துக்கும் மட்டுமே பரிந்துரை பொருந்தும், மாற்றம் இருந்தால் எங்களை மீண்டும் அணுக வேண்டும் என்ற வரம்புப் பத்தி 14-ஆம் பக்கத்தில் இருந்தது. துளைகளின் இடத்தைக் காட்டும் வரைபடம், வாயிற்கதவையும் இரண்டு புள்ளிகளையும் மட்டும் கொண்ட ஒரு கைப்படம்.

ஆகஸ்டில் அடித்தளம் தோண்டும் நேரத்தில், மனையின் கிழக்கே நின்ற வேப்பமரத்தை வெட்ட ஆசிரியருக்கு மனம் வரவில்லை. வீட்டை ஒன்பது மீட்டர் மேற்கே தள்ளிப் போடலாமா என்று ஒப்பந்தக்காரர் எங்கள் இளம் பொறியாளருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டார். வரம்புப் பத்தி சொன்னபடியே அவர்கள் எங்களை அணுகினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பதிலாக 11 வினாடிக் குரல்பதிவு ஒன்று போயிற்று: “சார், ஒம்பது மீட்டர்தானே, அங்கயும் ஒரே மண்ணுதான் இருக்கும். அதே ஆழத்துல போட்டுக்குங்க, ஒண்ணும் ஆகாது.” அந்தப் பொறியாளர் அப்போது கும்பகோணத்தில் வேறொரு பாலத்துளையின் அருகில் நின்றிருந்தார். அவர் சொன்னதில் அலட்சியம் இருந்தது. அப்படிச் சொல்லக்கூடாது என்று அவருக்கு நாங்கள் ஒருநாளும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை என்பதும் உண்மை.

விரிசலும் குட்டையும்

விரிசல் மேற்கு அறையின் சன்னல் கீழ்மூலையில் தொடங்கித் தரையை நோக்கிச் சாய்வாக இறங்கியிருந்தது. அகலமான இடத்தில் நான்கு மில்லிமீட்டர். 4.5 மீட்டர் இடைவெளியில் நின்ற இரு தூண்களுக்கிடையே மட்டக்கருவி வைத்துப் பார்த்தபோது, மேற்குத் தூண் 32 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தது. தனித்தனி புட்டிங்குகளின் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடத்துக்கு ஐ.எஸ். 1904 நெறிமுறையின் 1986 பதிப்பு அனுமதித்த வேறுபாடு, இடைவெளியில் 0.0015 பங்கு, அதாவது இங்கே ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர். நான்கு மடங்குக்கும் மேல் மீறியிருந்தது.

மேற்குப் பக்கம் சோதனைக்குழி தோண்டினோம். ஒன்றரை மீட்டருக்குக் கீழே மண்வெட்டி எந்தத் தடையுமின்றி இறங்கியது. வெளியே வந்தது கறுத்த சேறு. அதில் பானை ஓடு, நத்தை ஓடு, அரைகுறையாக வெந்த செங்கல் துண்டு, கரித்துண்டு. பக்கத்து வயல்காரர், எழுபதைத் தாண்டியவர், வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அங்க மாடு குளிப்பாட்டுற குட்டை இருந்துச்சு தம்பி. காளவாய்க் கழிவைக் கொட்டித் தூத்தாங்க. நீங்க யாரும் என்னைக் கேக்கலையே.” பட்டா நிலத்துக்குள் இருந்த குட்டை என்பதால் புலப்படத்தில் அது இல்லை, அ-பதிவேட்டில் நீர்நிலையாகவும் பதிவாகவில்லை. பின்னர் மேற்கே இட்ட மூன்று துளைகளில் நிரப்புமண் 3.4 மீட்டர் வரை போனது, எஸ்.பி.டி. எண் இரண்டும் மூன்றுமாக இருந்தது. எங்கள் பழைய துளைகளின் அருகே இட்ட நான்காவது துளையில் 2022-இல் கிடைத்த அதே எண்கள் கிடைத்தன.

டெல்டா மண்ணின் இயல்பு இது. காவிரியின் கிளைகள் தடம் மாறி மாறி ஓடி உண்டாக்கிய நிலத்தில், ஒரே மனைக்குள் களியும் மணலும் பழைய ஆற்றுத்தடமும் அடுத்தடுத்து வரும். அதன் மேல் மனிதர்கள் குட்டை வெட்டி, தூர்த்து, வரப்பு மாற்றியிருக்கிறார்கள். கோடையில் காய்ந்து விறைப்பாக நிற்கும் நிரப்புமண், வாய்க்காலில் தண்ணீர் வந்து வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நீர்மட்டம் தரைக்கு அருகே ஏறியதும் குழைந்துவிடும். ஆகவே முதல் சம்பாப் பருவத்திலேயே வீடு தன் நிலையைக் காட்டிவிட்டது.

அறிவிப்பு வந்த பிறகு

2024 பிப்ரவரியில் ஒப்பந்தக்காரர், கட்டமைப்பு வடிவமைப்பாளர், நாங்கள் ஆகிய மூவருக்கும் 18.5 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. முதல் இரண்டு நாள்களில் எங்கள் அலுவலகத்தில் நடந்தவற்றை மறைக்காமல் எழுதுவதே பயன் தரும். துளை வரைபடத்தில் எல்லைக்கல் தூரங்களைச் சேர்த்து அறிக்கையை மறுபடி அச்சிட்டு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதை அந்த இடத்திலேயே தடுத்தேன். அது பொய்ச் சாட்சியம் புனைவது, குற்றம். தொழில்ரீதியாகப் பார்த்தாலும் தற்கொலைக்குச் சமம், ஏனென்றால் மூலப் பிரதி எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. துளைக்குழுத் தலைவரின் களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தோம். சேற்றுக்கறை படிந்த அந்தப் பக்கத்தில், பென்சிலால், “வ.கி. கல்லிலிருந்து மேற்கே 6.20, தெற்கே 11.40, வாய்க்கா காஞ்சிருக்கு” என்று இருந்தது (வ.கி. என்பது வடகிழக்கு எல்லைக்கல்). பத்தாம் வகுப்பு வரை படித்த அவர் எழுதிய இந்த ஒரு வரிதான் துளை எங்கே போடப்பட்டது என்பதைப் பின்னர் ஐயமின்றி நிறுவியது. எங்கள் அச்சிட்ட வரைபடத்தால் அது முடியவில்லை.

அடுத்த அதிர்ச்சி காப்பீட்டில் வந்தது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எங்களிடம் இருந்தது. ஆனால் 2023 ஏப்ரலில்தான் எடுத்திருந்தோம். இவ்வகைக் காப்பீடுகள் பெரும்பாலும் கோரிக்கை எழும் காலத்தை வைத்துச் செயல்படுபவை. அத்துடன் முன்தேதி ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதிக்கு முன் செய்த வேலையிலிருந்து எழும் கோரிக்கை, காப்பீடு நடப்பில் இருக்கும்போதே வந்தாலும், ஏற்கப்படாது. எங்கள் முன்தேதி காப்பீடு தொடங்கிய நாளேதான். அறிக்கையோ அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முந்தையது. பிரீமியத்தைக் குறைப்பதற்காக நாங்களே தேர்ந்தெடுத்த தேதி அது.

வழக்கறிஞர் இரண்டு அறிவுரை சொன்னார்: ஒப்புதல் எதையும் வாயால் சொல்லாதீர்கள், ஆனால் போய்ப் பாருங்கள். உரிமைகளுக்குக் குந்தகமின்றி என்று தலைப்பிட்ட கடிதத்தோடு மறுபரிசோதனையை எங்கள் செலவில் செய்ய முன்வந்தோம். விரிசல் கண்ட நாளிலிருந்து அறிவிப்பு வரும்வரை ஆசிரியர் எங்களை நான்கு முறை அழைத்திருக்கிறார், நாங்கள் ஒருமுறைகூட நேரில் போகவில்லை. விரிசலைவிட அந்த மௌனம்தான் தம்மை வழக்கறிஞரிடம் அனுப்பியது என்று அவர் பின்னர் சொன்னபோது எங்களிடம் பதில் இல்லை.

பொறுப்பு எங்கே விழுந்தது

2024 ஆகஸ்டில் ஆசிரியர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டார். எங்களுக்குத் தோன்றிய தற்காப்புகள் ஒவ்வொன்றாக எப்படி நின்றன, எப்படி விழுந்தன என்பதே இந்த ஆய்வின் மையம்.

எங்களுக்கும் ஆசிரியருக்கும் ஒப்பந்தமே இல்லை, பணம் கொடுத்தவர் ஒப்பந்தக்காரர் என்பது முதல் வாதம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்குப் பணம் கொடுத்தவரின் இசைவோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரையும் நுகர்வோராகவே கருதுகிறது என்பதால் இது நிற்கவில்லை. காலவரம்பு வாதமும் அப்படியே: வழக்குக்காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்பது அச்சட்டத்தின் 69-ஆம் பிரிவு, விரிசலைக் காரணமாகக் கொண்டால் முறையீடு உரிய காலத்துக்குள் வந்திருந்தது. ஆணையத்தின் பண வரம்பு கேட்கும் இழப்பீட்டை வைத்து அன்றி, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்தே இப்போது கணக்கிடப்படுவதால், 28,000 ரூபாய் வேலைக்கு 18.5 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். சிறிய வேலைக்குச் சிறிய ஆபத்து என்று நினைத்திருந்த எங்களுக்கு இது கசப்பான பாடமாக இருந்தது.

கவனக்குறைவு என்ற கேள்வியில் எங்கள் நிலை ஓரளவு வலுவானது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் தொடர்பாகப் பேசும்போது, தொழில்முறையாளர் எவரும் மிக உயர்ந்த திறனைக் காட்டியாக வேண்டும் என்பதில்லை, அத்தொழிலில் சராசரித் திறனுள்ள ஒருவர் காட்டும் நியாயமான கவனம் இருந்தால் போதும் என்ற அளவுகோலைத் தெளிவாக்கியது. எங்கள் சோதனைகள் அந்த அளவுகோலைத் தாண்டின. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் துளை எண்ணிக்கையைத் தொடவே இல்லை. அதே நெறிமுறை துளையிடும் முன் மனையைச் சுற்றிப் பார்க்கவும் அதன் பழைய நிலையை விசாரிக்கவும் சொல்கிறதே, அதைச் செய்தீர்களா என்று மட்டும் கேட்டார். செய்ததற்கு எங்களிடம் ஒரு வரிகூட இல்லை.

வரம்புப் பத்தியை நாங்கள் மிகவும் நம்பியிருந்தோம். பொறுப்பை வரையறுக்கும் நிபந்தனை செல்லும் என்பதற்குப் பாரதி நிட்டிங் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது துணையிருக்கிறது. ஆனால் அங்கே கையெழுத்திட்ட ஆவணம் இருந்தது. எங்களுடையது வேலை முடிந்தபின் அனுப்பிய அறிக்கையில், ஆசிரியரும் ஒப்பந்தக்காரரும் வாசிக்காத மொழியில், 14-ஆம் பக்கத்தில் இருந்தது. அது மட்டுமல்ல, அந்தப் பத்தி கேட்டதை அவர்கள் செய்தார்கள். இடம் மாறுகிறது என்று கேட்டார்கள். நாங்கள் “ஒண்ணும் ஆகாது” என்றோம்.

அந்த 11 வினாடியைத் தள்ளுபடி செய்ய வழி உண்டா என்று பார்த்தோம். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இதுவே 65-பி. ஆனால் கைபேசி ஆசிரியரின் ஒப்பந்தக்காரரிடம் இருந்தது, சான்றிதழ் தருவது அவருக்குக் கடினமன்று. நுகர்வோர் ஆணையங்களும் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களில் சிக்கி நிற்பவை அல்ல. மேலும், ஊழியர் தம் வேலையின் போக்கில் சொன்னது நிறுவனத்தின் சொல்லே. இந்த வழக்கில் எங்கள் பொறுப்பு முழுவதும் அந்தக் குரல்பதிவிலிருந்துதான் பிறந்தது என்பது என் உறுதியான முடிவு. அது இல்லையென்றால் குட்டை ஒப்பந்தக்காரரின் சிக்கலாகவும் வடிவமைப்பாளரின் சிக்கலாகவுமே இருந்திருக்கும்.

யாருக்கும் காயமில்லை என்பதால் இது பண விவகாரமாக முடிந்தது. உயிர்ச்சேதம் நேர்ந்திருந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, 2024 ஜூலைக்கு முன் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, வந்திருக்கும். 2014 ஜூன் 28-இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததை இத்தொழிலில் இருப்பவர் மறக்க முடியாது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற வேண்டிய தொழில்முறையாளர்களுள் மண்ணியல் பொறியாளரையும் வைத்திருக்கின்றன. பெயர் பதிவேட்டில் ஏறியபின் வாய்ச்சொல்லுக்கும் கனம் கூடுகிறது.

சமரசம்

முறையீடு ஏற்கப்பட்டபின் ஆணையம் இருதரப்பு இசைவோடு சமரசத்துக்கு அனுப்பியது. மேற்கு வரிசையின் நான்கு தூண்களுக்கு இருபுறமும் பைல் என்னும் ஆழத்தூண்களை இறக்கி, கான்கிரீட் விட்டம் வழியே சுமையை நிரப்புமண்ணுக்குக் கீழே உள்ள மணல் அடுக்குக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. மதிப்பீடு 6.4 லட்சம். ஒப்பந்தக்காரர் 2.6, நாங்கள் 1.9, இடமாற்ற வரைபடத்துக்கு மண் விவரம் கேட்காமல் கையெழுத்திட்ட வடிவமைப்பாளர் 0.7 லட்சம். மீதி 1.2 லட்சத்தை ஆசிரியர் ஏற்றார். குட்டை முதலிலேயே தெரிந்திருந்தால் ஆழமான அடித்தளத்துக்கு அவர் எப்படியும் செலவிட்டிருக்க வேண்டிய தொகை அது. மன உளைச்சலுக்கும் வாடகைக்கும் கேட்ட தொகையை அவர் விட்டுக்கொடுத்தார். எங்கள் பங்கு, வாங்கிய கட்டணத்தைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு.

மாற்றிக்கொண்டவை

அமெரிக்காவில் மண் பொறியியல் நிறுவனங்களுக்குக் காப்பீடு கிடைப்பதே அரிதாகிப்போன 1969-இல், அவை ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. அந்தச் சங்கம், அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை எளிய மொழியில் விளக்கும் ஒரு தாளைத் தயாரித்து, அறிக்கையோடு இணைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அந்த யோசனையைத் தமிழுக்குக் கொண்டுவருவதே நாங்கள் செய்த முதல் வேலை. இப்போது எந்த அறிக்கையும் ஒரு பக்கத் தமிழ்த் தாள் முன்னே இல்லாமல் வெளியே போவதில்லை. துளையிடும் முன்பே இதே தாளில் வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கையெழுத்து வாங்குகிறோம். அதன் முக்கியப் பகுதி இது:

“இந்த மனையில் எல்லைக்கல்லிலிருந்து அளந்து காட்டியுள்ள இடங்களில் மட்டுமே மண்ணைப் பார்த்திருக்கிறோம். இரண்டு துளைக்கு நடுவில் வேறு மண் இருக்கலாம். வீட்டின் இடம், மாடிகளின் எண்ணிக்கை, அடித்தள ஆழம் ஆகியவற்றில் எது மாறினாலும் எழுத்தில் தெரிவியுங்கள். எழுத்தில் பதில் தருவோம். தொலைபேசியிலோ குரல்பதிவிலோ யார் சொன்னாலும் அது எங்கள் பரிந்துரை ஆகாது. குழி தோண்டியதும் கான்கிரீட் போடும் முன் எங்களை அழையுங்கள். அந்த வருகைக்கான கட்டணம் இதிலேயே அடங்கும்.”

கடைசி வாக்கியத்துக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மற்றவை பொறுப்பை வரையறுக்கின்றன. இது பொறுப்பை நிறைவேற்றுகிறது. அன்று யாராவது ஒருவர் அந்த மேற்குக் குழிக்குள் இறங்கி நின்றிருந்தால், காலுக்குக் கீழே கிடந்த பானை ஓடு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தை 2019 சட்டம் கொண்டுவந்துவிட்ட நிலையில், பொறுப்பை மட்டும் தட்டிக்கழிக்கும் தாள் எவ்வளவு தூரம் காக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பக்கத்து மனைக்காரர், வயல்காரர் என இரண்டு முதியவர்களிடமாவது விசாரித்து, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கிறோம். துளைப் பதிவில் வாய்க்காலில் அன்று தண்ணீர் இருந்ததா என்பதற்கு ஒரு கட்டம் உண்டு; கோடையில் துளையிட்டால், நீர்மட்டம் தரைக்கு ஏறிய நிலையையும் கொண்டே தாங்குதிறனைக் கணக்கிடுகிறோம். களக் குறிப்பேடுகளை எரிப்பதோ எடைக்குப் போடுவதோ இல்லை. காப்பீட்டின் முன்தேதியை, கூடுதல் பிரீமியம் கட்டி, நிறுவனம் தொடங்கிய ஆண்டுக்கு நகர்த்தினோம்.

இதனால் எங்கள் கட்டணம் கூடியது. துளைக்கு இவ்வளவு என்று விலை பேசும் சில ஒப்பந்தக்காரர்கள் வேறிடம் போய்விட்டார்கள். ஆய்வகச் சோதனையே செய்யாமல் எண்களை நிரப்பித் தரும் அறிக்கைகள் டெல்டாவில் புழங்குவது அனைவரும் அறிந்ததே. அந்த விலையோடு போட்டியிட முடியாது, முயலவும் கூடாது. அந்த இளம் பொறியாளர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். தமிழ்த் தாளின் முதல் வரைவை எழுதியவர் அவரே.

பைல் வேலை 2025 பங்குனியில் முடிந்தது. விரிசல் மேலும் விரிந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும்படி, அதன் குறுக்கே மூன்று இடங்களில் கண்ணாடிச் சில்லுகளைச் சிமெண்ட் வைத்துப் பதித்தோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து பாமணியாற்றில் தண்ணீர் வந்தபின் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தோம். ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த மட்ட அளவில் மேற்குத் தூண் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது; மூன்று சில்லுகளும் உடையவில்லை.